கொவேரோவில் ஒரு சிவப்புத் துண்டு

சாக்கியாஸ் முதுகில் கோக்கோக்கொட்டைச் சாக்கோடு எங்கள் கூடத்து வாசலில் வந்து நின்றபோது, என் வீட்டுக்காரர் கிளெமென்ஸ் தராசுக் கொக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. அவன் முகத்தைப் பார்க்காமல் பேசுவதற்கு அவருக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

“இனிமே உன் கொட்டையை எடுக்க முடியாது தம்பி.”

“ஏன் அண்ணே, அழுகல் கலந்திருக்கா? காலையிலதான் காய் உடைச்சேன். வேணும்னா கைவிட்டுப் பாருங்க.”

“கொட்டையில ஒரு குறையும் இல்லை. குறை நிலத்துலதான்.”

சாக்கியாஸ் சாக்கை இறக்கவில்லை. ஈரக்கொட்டையின் சாறு அவன் முதுகில் வழிந்து கால்சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. கிளெமென்ஸ் என் பக்கம் திரும்பினார். ஊரார் ஈரக்கொட்டையை வாங்கிப் பெட்டியில் புளிக்கவைத்து உலர்த்துகிற இந்தக் கூடம் நிற்பது என் தாய்வழி நிலத்தில். அதனால் நல்ல செய்தியை எல்லாம் அவர் சொல்வார். கெட்ட செய்தி என்றால் நிலத்துக்காரி நான் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

“கம்பெனிப் பொண்ணு செலஸ்டின் நேத்து வந்துட்டுப் போனா,” என்றேன். “வரைபடத்துல எல்லாரோட தோட்டமும் பச்சையா வந்திருக்கு. உங்களுது மட்டும் சிவப்பு.”

“சிவப்புன்னா?”

“காட்டை வெட்டி வெச்ச கோக்கோன்னு அர்த்தம். அதை எங்க பெட்டியில போட்டா ஊர்க்கொட்டை மொத்தமும் நின்னுபோயிடும்.”

அவன் “சரி அக்கா” என்று சொல்லிவிட்டுச் சாக்கோடு திரும்பி நடந்தான். சண்டை போட்டிருந்தால் எங்களுக்கு மனசு லேசாகியிருக்கும்.

செலஸ்டின் பக்கத்துப் புகா தீவுப் பெண். எங்கள் கொட்டையை வாங்குகிற கம்பெனியில் களவேலை. அதற்கு முந்தைய வெயில் மாதத்தில் வந்து, வட பூகன்வில்லில் இருக்கிற எங்கள் ஊர் கொவேரோவின் தோட்டங்களை எல்லாம் அளந்தாள். தோட்டக்காரர் எல்லையை ஒட்டி முன்னால் நடக்க வேண்டும். அவள் போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பாள். நடந்த வழி போனில் கோடாக விழும். ஊரே அவள் பின்னால் திரிந்து வேடிக்கை பார்த்தது. தன் தோட்டத்தை அளக்கும்போது தார்சி வேண்டுமென்றே அகலமாக நடந்தான். “உள்ள வாடா தார்சி, அது என் பன்னிக்கொட்டாய். அதையும் ஐரோப்பாவுக்கு ஏத்திடாதே,” என்று பக்கத்துத் தோட்டக்காரி அகஸ்தா கத்தினாள்.

ஐரோப்பாக்காரர்கள் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். இரண்டாயிரத்து இருபது முடிந்த பிறகு காட்டை அழித்து உண்டாக்கிய தோட்டத்துப் பொருள் எதுவும் அவர்கள் துறைமுகத்தில் இறங்கக் கூடாது. கோக்கோ, காப்பி, பனை எண்ணெய், மாட்டுக்கறி எல்லாவற்றுக்கும் சேர்த்து. எந்தச் சாக்கு எந்த நிலத்தில் விளைந்தது என்று விற்கிறவன் காட்ட வேண்டும். வானத்திலிருந்து எடுத்த படத்தோடு அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

“அந்தச் சட்டத்தைத் தள்ளி வெச்சுட்டாங்கன்னு ரேடியோவில சொன்னானே,” என்றான் தார்சி.

“சட்டம் தள்ளிப் போகுது அண்ணே. கம்பெனி தள்ளிப் போகலை,” என்றாள் செலஸ்டின்.

சட்டம் தப்பு என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. மரக்கம்பெனிகள் காட்டை மொட்டையடித்துவிட்டுப் போன தீவுகளை நாங்களும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தச் சட்டம் கொவேரோவுக்கு வந்து சேர்ந்தபோது, அதில் மாட்டியது பெர்பெத்துவாவும் அவள் புருஷன் சாக்கியாஸும்தான்.

பெர்பெத்துவா எங்கள் ஊர்ப் பிறப்பு. எங்கள் தீவின் உள்நாட்டுச் சண்டைக்காலத்தில் அவள் கைக்குழந்தை. அவள் அம்மா ஓடைக்கு மேலே கோக்கோ வைத்து, முதல் நல்ல காய்ப்பு வந்த வருஷத்தில்தான் துப்பாக்கிச் சத்தம் தொடங்கியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு படகேறியவள் கடலுக்கு அப்பால் பெருந்தீவில் இருக்கிற லாயே நகரத்தில் போய் விழுந்தாள். குடிசைப் பகுதி வாசலில் பாக்கும் சுண்ணாம்பும் விற்று மகளை வளர்த்தாள். ஊர் திரும்பாமலே செத்தும் போனாள். பெர்பெத்துவா அங்கேயே மொரோபே மாகாணத்துக்காரன் சாக்கியாஸைக் கட்டிக்கொண்டாள். இருபத்தொன்றாம் வருஷம் பெப்ரவரியில் இருவரும் இரண்டு பையும் ஒரு அடுப்புமாக வந்து இறங்கினார்கள்.

எங்கள் பக்கம் நிலம் தாய்வழியில் வருவது. அவள் நிலத்தைக் காட்டிக் கொடுக்க வேண்டியவர் அவள் தாய்மாமன் இக்னாஸ். குலத்துக்குப் பெரியவர், கோயில் பாடற்குழுவில் முன்வரிசை, அதிகம் பேசாதவர். ஓடைக்கரையில் நின்று மேலே கையைக் காட்டினார்.

“உங்கம்மா போன நாள்லேருந்து இங்க ஒருத்தரும் கால் வைக்கலை. எல்லாம் காடாப் போச்சு. முடிஞ்சா எடுத்துக்கோங்க.”

சாக்கியாஸ் எடுத்துக்கொண்டான். எங்கள் ஆண்கள் அவனைச் செவத்தத்தோல்காரன் என்று கேலி பேசுவார்கள். பெருந்தீவிலிருந்து வருகிறவர்களுக்கு எங்களைவிடக் கறுப்பு குறைவு. “செவத்தத்தோலுக்கு நம்ம வெயில் தாங்காது, பாரு, ஒரு மாசத்துல கப்பலேறிடுவான்” என்றார்கள். அவன் கோடரியோடு காலையில் போய் இருட்டும்போது வந்தான். ஒரு வருஷத்தில் மேட்டு நிலம் வெளுத்தது. கொடிக்குள்ளிருந்து மாமியார் வைத்த கோக்கோ மரங்கள் வரிசை வரிசையாக வெளிப்பட்டன. அடிமரத்தை விட்டு மேலே வெட்டிப் புதுக் கிளை ஒட்டினான், இடைவெளியில் நிழல் மரம் நட்டான். மூன்றாம் வருஷம் காய்த்தபோது அவன் காயின் நிறத்தைப் பார்க்கவே கிளெமென்ஸ் போய்விட்டு வந்தார். கேலி தானாக நின்றது.

அந்தத் தோட்டம்தான் இப்போது வரைபடத்தில் சிவப்பு.

பெர்பெத்துவா செலஸ்டினிடம் கேட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

“இது எங்கம்மா வெச்ச தோட்டம். நீயே பாத்தியே, பழைய அடிமரம் எல்லாம் இன்னும் நிக்குது.”

“பாத்தேன் அக்கா. போட்டோ எடுத்து அனுப்பவும் செஞ்சேன். ஆனா முப்பது வருஷம் யாரும் தொடாம கெடந்தா அது தோட்டம் இல்லை, காடுதான்னு சொல்றாங்க. உங்க மாமாவும் அப்படித்தானே சொன்னார். ஒருத்தரும் கால் வைக்கலைன்னு.”

“ஓடிப் போனது நாங்க ஆசைப்பட்டா?”

“இல்லைக்கா.”

“வெடிச்சத்தம் கேக்காம இருந்திருந்தா எங்கம்மா இங்கதான் இருந்திருப்பா. இது காடா ஆகியிருக்காது.”

செலஸ்டின் போனைக் கைப்பைக்குள் வைத்தாள். “நீங்க சொல்றதுக்கு எதிரா என்கிட்ட பதில் இல்லை. ஆனா அதை எழுத அந்தப் படத்துல இடமும் இல்லை,” என்றாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. தன் அப்பாவைச் சண்டையில் பறிகொடுத்தவள் அவள்.

“ரெண்டு மாசம் முன்னாடி கப்பலேறியிருந்தா தப்பிச்சிருப்பே,” என்று அகஸ்தா பிறகு பெர்பெத்துவாவிடம் சொன்னாள். அகஸ்தா அவளுக்குப் பெரியம்மா மகள். “நீதான் எப்பவும் லேட்டு. பொறந்ததே பத்து நாள் லேட்டுன்னு உங்கம்மா சொல்லுவா.”

பெர்பெத்துவா சிரிக்கவில்லை. அகஸ்தா சிரிப்பை விட்டுவிட்டு அவள் வாளியைப் பிடுங்கினாள்.

“கொண்டா இதை. என் கொட்டையோட போட்டு எடைபோடச் சொல்றேன். என் மரம் இந்த வருஷம் ரெட்டைப் பிள்ளை பெத்துச்சுன்னு சொல்லிக்கிறேன்.”

அப்படித்தான் அது ஆரம்பித்தது. முதலில் அகஸ்தா. பிறகு ஓடைக்கு இந்தப் பக்கத்து வீடுகள். சிவப்புத் தோட்டத்துக் கொட்டை பச்சைத் தோட்டக்காரர்களின் வாளியில் ஏறி எங்கள் தராசுக்கு வந்தது. பெட்டியில் கொட்டி வாழையிலையால் மூடிவிட்டால் எது யாருடையது என்று யாருக்குத் தெரியும்? கிளெமென்ஸுக்குத் தெரியும். இவ்வளவு சீராகப் பழுத்த கொட்டை அகஸ்தாவின் பாசி பிடித்த மரத்தில் வராது என்று தொட்டதுமே அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு குடும்பம் பட்டினி கிடக்காமல் இருக்கிறது, அது போதும் என்று நினைத்தோம்.

சாக்கியாஸுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. ஒருநாள் எங்கள் கூடத்துக்குப் பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். கிளெமென்ஸ் கூலிக்குக் கூப்பிட்டிருந்தார். அவித்த சேப்பங்கிழங்கும் டின் மீனும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“பணம் சரியா வருதா?” என்று கேட்டேன்.

“வருதுக்கா. அகஸ்தா அக்கா ஒரு காசு பிடிக்கிறதில்லை.”

“பின்னே ஏன் முகம் இப்படி இருக்கு?”

கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். “இந்த ஊர்ல என் பேர்னு ஒண்ணு இருந்துச்சுன்னா அது உங்க தராசுச் சீட்டுலதான். நிலம் அவளுது. வீடு அவ மாமா குடுத்தது. கொட்டை மட்டும்தான் என் கையால வந்தது. இப்ப அதுவும் வேற ஆள் பேர்ல போகுது.”

“சாப்பிடு, ஆறிடும்,” என்றேன்.

மழை தொடங்கும் முன் செலஸ்டின் திரும்பவும் வந்தாள். இந்த முறை வண்டியிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினாள். பின்னால் டிரைவர் புத்தம்புதுத் தள்ளுவண்டி ஒன்றை இறக்கினான். அதன் கைப்பிடியில் ரிப்பன் கட்டியிருந்தது.

“அகஸ்தா அக்கா எங்க? அவங்களுக்குத்தான் இது. இந்த வருஷம் எங்க கம்பெனிக்குக் கொட்டை குடுத்த ஊர்கள்லயே, மரத்துக்கு இத்தனை விளைச்சல் வேற யாருக்கும் இல்லை. மொத்த வட பூகன்வில்லுக்கும் அவங்கதான் சிறந்த விவசாயி.”

கிளெமென்ஸ் தராசுக் கொக்கியைத் தேடினார்.

“இதோட முடியலை,” என்றாள் செலஸ்டின். “அவங்க எப்படிக் கவாத்து பண்றாங்கன்னு பாக்க அடுத்த மாசம் வெளியூர் ஆளுங்க வர்றாங்க. அதுல ஒருத்தர் கணக்குச் சரிபாக்கறவர், ஐரோப்பாலேருந்தே வர்றார். அதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை தோட்டத்தைப் பாத்துடறேன்.”

அகஸ்தாவைக் கூப்பிட்டு அனுப்பினோம். அவள் தள்ளுவண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். ரிப்பனைத் தொட்டாள்.

“நல்ல வண்டி. சக்கரம் கெட்டியா இருக்கு,” என்றாள். “தோட்டத்தை நாளைக்குப் பாக்கலாமே. இன்னிக்கு எனக்கு முட்டி வலி.”

“நீங்க வர வேணாம் அக்கா. எனக்கு வழி தெரியும்.”

செலஸ்டின் போய்விட்டுத் திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை. அகஸ்தாவின் மரங்களில் பாதிக்குமேல் கறுப்பு நோய் தின்ற காய்கள் தொங்கிக்கொண்டிருக்கும். அது ஊருக்கே தெரிந்த விஷயம். செலஸ்டின் பெஞ்சில் உட்கார்ந்து செருப்புச் சேற்றைக் குச்சியால் சுரண்டினாள்.

“பெர்பெத்துவா அக்கா கொட்டைதானே?” என்று மெதுவாகக் கேட்டாள்.

அகஸ்தா ஒளிக்கவில்லை. “ஆமா. நான்தான் ஆரம்பிச்சேன். திட்டணும்னா என்னைத் திட்டு.”

“திட்டறதுக்கு என்ன இருக்கு? நான் உங்க இடத்துல இருந்தாலும் இதையேதான் செஞ்சிருப்பேன். ஆனா அடுத்த மாசம் வர்றவர் ஒரே பார்வையில கண்டுபிடிச்சிடுவார். அப்புறம் கொவேரோவோட பேரையே அடிச்சிடுவாங்க. உங்க ஒருத்தரை இல்லைக்கா, எல்லாரையும். என்னையும்.”

மறுநாள் காலை ஊர்க் குடும்பங்கள் எல்லாம் எங்கள் கூடத்தில் கூடின. உலர்த்தியிலிருந்து வந்த புளித்த வாடையில், பாக்கை மென்றபடி ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். இக்னாஸ் மாமா தன் மனைவி யூஜினோடு வந்து முன்னால் இடம் பிடித்தார். பெர்பெத்துவாவும் சாக்கியாஸும் ஓரத்தில் நின்றார்கள்.

தார்சிதான் முதலில் வெடித்தான். “எனக்கு மூணு பிள்ளை பள்ளிக்கூடத்துல இருக்கு. எவனோ வந்து காட்டை வெட்டுவான், அதுக்கு நான் வாளியைக் கவுத்துட்டு உக்காரணுமா? நாம யாராவது மேட்டுக்காட்டைத் தொட்டோமா? செவத்தத்தோல்காரன் வந்தான், கண்ணு மண்ணு தெரியாம வெட்டினான்.”

“உன் கூரை காத்துல பறந்தப்ப மேல ஏறிக் கட்டினது யாருடா?” என்றாள் அகஸ்தா. “அன்னிக்கு அவன் தோல் என்ன கலர்ல இருந்துச்சு?”

“அது வேற, இது வேற.”

“உனக்கு எல்லாமே வேறதான். நீ உன் பேர்ல எடைபோட்டதுல அவன் கொட்டையும் ரெண்டு வாளி இருக்கு, மறந்துடாதே.”

சாக்கியாஸின் கொட்டை தார்சி பெயரிலும் போயிருக்கிறது என்பது பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரிந்தது. நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்துக்குள் சாக்கியாஸ் முன்னால் வந்து நின்றான். கூட்டத்தில் அவன் அதுவரை பேசியதில்லை.

“தார்சி சொன்னது சரி. நான்தான் வெட்டினேன்,” என்றான். “எல்லாம் மாமியார் வெச்ச தோட்டம்னு பெர்பெத்துவா சொல்றா. அவ அப்படி நம்பறா. ஆனா உச்சியில, பழைய வரிசை முடிஞ்ச இடத்துக்கு அப்புறமும் நான் வெட்டியிருக்கேன். அது நிஜக்காடு. இருவாச்சி கூடு கட்டின பெரிய மரம் ஒண்ணு இருந்துச்சு. தெரிஞ்சுதான் சாய்ச்சேன். இந்த ஊர் ஆம்பளைங்க என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. இவ்வளவு வெட்டினான்னு சொல்லணும்னு ஆசை.”

பெர்பெத்துவா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் அது புதிது.

“இனிமே என் கொட்டை யார் வாளியிலயும் வர வேணாம். எனக்காக நீங்க செஞ்சதை மறக்க மாட்டேன். ஆனா வேணாம்.” போகத் திரும்பியவன் செலஸ்டின் பக்கம் நின்றான். “ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை தங்கச்சி. மேட்டுல இருந்த மரம் எல்லாம் கவனிப்பு இல்லாம பனை உயரம் போயிருந்துச்சு. ஓடைப் பக்கத்து மரம் மட்டும் குட்டையா இருந்துச்சு. கிளையில கத்தி வெட்டு, ஆறினதும் இருந்துச்சு, பச்சையும் இருந்துச்சு. பன்னி வேட்டைக்கு வந்தவங்க வெட்டியிருப்பாங்கன்னு விட்டுட்டேன். வேட்டைக்காரன் கோக்கோவைக் கவாத்து பண்ணுவானா?”

செலஸ்டின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “பச்சை வெட்டா? நீங்க வந்த புதுசுலயா?”

“ஆமா. அடியில காய்த்தோல்கூட குமிஞ்சு கெடந்துச்சு.”

“அப்போ யாரோ பறிச்சிருக்காங்க. இருபதாம் வருஷத்துல அங்க யாராவது பறிச்சிக்கிட்டு இருந்தாங்கன்னா அது காடு இல்லை, தோட்டம். ஓடைப் பக்கத்தையாவது நான் தனியாப் பிரிச்சுக் கேக்கலாம். யாருன்னு தெரியணும். அவங்க வந்து சொல்லணும்.”

இக்னாஸ் மாமா பாக்கை மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யூஜின் முழங்கையால் அவர் விலாவில் இடித்தாள்.

“சொல்லுங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

மாமா எழுந்தார். பாடற்குழுவில் எழுவது மாதிரியே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

“நான்தான் பறிச்சேன்,” என்றார்.

“எப்போ மாமா?” என்றாள் பெர்பெத்துவா.

“சண்டை ஓய்ஞ்சதிலேருந்து.”

“நாங்க வர்ற வரைக்குமா?”

“நீங்க வந்த அப்புறமும் ஒரு மாசம்,” என்றாள் யூஜின். “மாப்பிள்ளை மேல மரம் வெட்டும்போது இவர் கீழ காய் பறிச்சிக்கிட்டு இருந்தார்.”

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. தார்சிகூடச் சிரித்தான். மாமாவின் காது மடல் மட்டும் துடித்தது. “நீ திரும்பி வருவேன்னு யார் கண்டா? கேக்க ஆளில்லாம காய் அழுகுது. என் தங்கச்சி வெச்ச மரம். நீ வந்து நின்னதும் வெக்கமாப் போச்சு. யாரும் தொடலைன்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் அதை மாத்திச் சொல்ல முடியலை.”

பெர்பெத்துவா சிரிக்கவில்லை. அவள் முகம் மாறுவதைப் பார்த்து ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

“காயை நீங்க தின்னதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை மாமா. உங்க தங்கச்சி இருந்திருந்தா அவளே பறிச்சிக் குடுத்திருப்பா,” என்றாள். “ஆனா அவ சாகற வரைக்கும் ஒரே பேச்சு. என் தோட்டம் பாழாப் போச்சு, என் தோட்டம் பாழாப் போச்சுன்னு. லாயேயில மழை பெஞ்சா, அங்க காய்ப்புழு வந்திருக்கும்னு அழுவா. ஒரு கை அதைப் பாத்துக்குதுன்னு நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா அவ நிம்மதியாக் கண்ணை மூடியிருப்பா.”

மாமா நின்றுகொண்டே இருந்தார். யூஜின் அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். சாக்கியாஸ் பெர்பெத்துவாவை வெளியே அழைத்துக்கொண்டு போனான். நான் பின்னாலேயே போனேன். அவள் உலர்த்திச் சுவரில் சாய்ந்து, அம்மா செத்த அன்று அழ வேண்டியதை அன்றைக்கு அழுதாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

செலஸ்டின் எல்லாவற்றையும் உள்ளபடி கம்பெனிக்கு எழுதினாள். எழுதாமல் விட்டிருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். எழுதியதால்தான் பிறகு அவள் கேட்டது நடந்தது என்று நான் நினைக்கிறேன். அந்தப் பருவத்தில் கொவேரோ அனுப்பிய கொட்டையைக் கம்பெனி ஐரோப்பாவுக்கு ஏற்றாமல் வேறு பக்கம் குறைந்த விலைக்குத் தள்ளியது. அந்த நஷ்டம் எல்லோர் பங்கிலும் கழிந்தது. தார்சி பல மாதம் அகஸ்தாவோடு பேசவில்லை. கவாத்து பார்க்க வர இருந்த வெளியூர்க்காரர்கள் வரவில்லை, தள்ளுவண்டியையும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். அகஸ்தாவுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் வருத்தம். “சக்கரமாவது விட்டுட்டுப் போயிருக்கலாம்,” என்றாள்.

செலஸ்டினுக்கு மேலிடத்தில் நல்ல திட்டு. வேலை போகவில்லை. இக்னாஸ் மாமா அவள் முன்னால் உட்கார்ந்து, எந்த வருஷம் எந்த மாதம் பறித்தார், ஈரக்கொட்டையை எங்கே விற்றார் என்று சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். விற்றது எங்கள் கூடத்தில்தான். கிளெமென்ஸும் கையெழுத்துப் போட்டார். மாமாவின் தோட்டத்துக் கொட்டை என்று நினைத்து வருஷக்கணக்காக எடைபோட்டவர் அவர். கம்பெனியில் ஓர் ஆள் உட்கார்ந்து பழைய படங்களைக் கண்ணால் பார்த்தார். ஓடைப் பக்கத்தில் மட்டும் வருஷா வருஷம் மர உச்சிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்திருந்தது தெரிந்ததாம்.

சண்டைக்காலத்துக்குப் பிறகு எங்களுக்கு ஒரு வழக்கம் கெட்டிப்பட்டிருக்கிறது. மனத்தாங்கலை வாயால் மட்டும் தீர்ப்பதில்லை. மாமா தன் பெரிய பன்றியை அறுத்தார். தேங்காய்ப் பாலில் வெந்த கிழங்கோடு ஊருக்கே சாப்பாடு. அவரும் பெர்பெத்துவாவும் கை குலுக்கினார்கள். அவள் அவருக்குக் கறி பரிமாறினாள், ஆனால் அன்று அதிகம் பேசவில்லை. அடுத்த மாதம் அவரை அழைத்துப்போய் எந்த மரத்தை அம்மா முதலில் வைத்தாள் என்று காட்டச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அவர்கள் பேச்சு பழையபடி ஆனது.

மழைக்குப் பிறகு புது வரைபடம் வந்தது. ஓடைப் பக்கத்துக் கால்வாசி பச்சை. மேடு முழுவதும் சிவப்புதான். அதை மாற்ற முடியாது என்று செலஸ்டின் சொல்லிவிட்டாள். பெர்பெத்துவாவின் அம்மா வைத்த பழைய வரிசைகளில் பாதிக்குமேல் அந்தச் சிவப்புக்குள்தான் கிடக்கின்றன. அதில் எது நியாயம் என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சாக்கியாஸ் சாய்த்த மரமும் அங்கேதான் இருந்தது.

இப்போது பச்சைத் துண்டின் கொட்டை எங்கள் தராசுக்கு வருகிறது. சீட்டில் சாக்கியாஸ் என்றே எழுதுகிறோம். அவன் கொட்டையைத் தூக்கி எடைபோடும்போது கிளெமென்ஸ் அவன் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார். மேட்டுக் கொட்டைக்குச் சாக்கியாஸ் தன் வீட்டுக்குப் பின்னால் தனியாகப் பெட்டியும் வெயிலில் காயவைக்கும் பந்தலும் போட்டிருக்கிறான். அதைக் கொக்கோபாவ் டவுன் வியாபாரியிடம் கொண்டுபோகிறான். எங்கிருந்து வந்தது என்று கேட்காத வியாபாரி, அதற்கேற்ற விலை. போன வாரமும் ஊர் வண்டியில் தன் சாக்குகளின் மேலேயே உட்கார்ந்து போனான்.

உச்சியில் காட்டை ஒட்டிய துண்டை என்ன செய்வது என்பதில் அவர்கள் இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அங்கே வைத்த கோக்கோவைப் பிடுங்கிவிட்டுச் சும்மா விட வேண்டும், தானாக முளைக்கிறது முளைக்கட்டும் என்கிறான் சாக்கியாஸ். பெர்பெத்துவா ஒத்துக்கொள்ளவில்லை.

“சும்மா விட்டா யாருக்கு லாபம்? வரைபடத்துல அது எப்பவும் சிவப்புதானே,” என்று நேற்றுகூட எங்கள் வாசலில் நின்று சொன்னாள்.

“வரைபடத்துக்காக இல்லை,” என்றான் அவன்.

“பின்னே எதுக்கு? நான் கிழங்கு போடறேன். வாழை போடறேன். வயித்துக்காவது ஆகும்.”

“பாதி போட்டுக்கோ.”

“எந்தப் பாதி?”

அவன் யோசித்தான். பதில் சொல்லும் முன் அவள் கூடையின் வாரைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தாள். அவனும் கத்தியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனான்.